தகரக் கூரை ஒழுகுகிறதா, வியர்க்கிறதா? கொந்தராத்துக்காரர் தந்த உத்தரவாதம் எதற்குச் செல்லும்?

விசுவமடு_வீடு

வணக்கம். வன்னியில் அண்மையில் கூரை மாற்றியவர்களின் ஆலோசனை வேண்டி எழுதுகிறேன். எங்களுடையது இந்திய வீட்டுத் திட்டத்தில், 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் உதவியோடு கட்டிய ஓட்டு வீடு. சென்ற கோடையில், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் உதவியோடு பின்பக்கம் இரண்டு அறைகளும் ஒரு குசினியும் கூட்டி எடுத்தோம். குரங்குகள் கூட்டமாக வந்து ஓடுகளைப் புரட்டி உடைப்பதைப் பொறுக்க முடியாமல், அப்போதே பழைய ஓடுகளையும் இறக்கிவிட்டு வீடு முழுவதற்கும் 0.47 மில்லிமீற்றர் நிறத் தகரம் போட்டு, உள்ளே பிளாஸ்ரிக் பனல் சீலிங்கும் அடித்தோம்.

மாரி தொடங்கிய பின் சீலிங்கின் இணைப்புகளில் பழுப்புக் கறை படிந்தது. விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அறைகளில் புழுங்கல் மணம். கூட்டி எடுத்த பகுதியில், தகரத்தைத் தாங்கும் மரச் சலாகைகளில் கருமையான பூஞ்சணம். கொந்தராத்துக்காரர் வேலை தொடங்கும்போது பத்து வருட உத்தரவாதம் என்று வாயால் சொன்னார், கையில் தந்தது தகரக் கடையின் அச்சிட்ட அட்டை மட்டுமே. இப்போது அவர் தகரத்தில் ஓட்டை இல்லை, தன் வேலையில் பிழை இல்லை என்கிறார். கடைக்காரர் பூட்டியவரைக் கேளுங்கள் என்கிறார். தம்பியோ, ரொறன்ரோவில் செய்வதைப் போலச் சீலிங்குக்கு மேல் தடித்த பொலித்தீன் விரித்தால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார். யாரைப் பிடிப்பது, எதை முதலில் செய்வது என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

மாங்குளம்_தச்சுவேலை

அக்காவோ அண்ணாவோ தெரியவில்லை, மன்னிக்கவும். உத்தரவாதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். தண்ணீர் விழுவது மழை பெய்யும் நேரத்திலா, மழை ஓய்ந்து வானம் வெளித்த இரவுகளின் விடியற்காலையிலா? மழையோடு வந்தால் அது ஒழுக்கு. மழையே இல்லாத காலையில் வந்தால் தகரம் வியர்க்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு, பொறுப்பாளியும் வேறு.

சீலிங்கில் ஏறும் வாசல் இருந்தால் விடியப்புறம் ஐந்து மணிக்கு ரோச் லைற்றோடு ஏறி, தகரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வியர்வையாக இருந்தால் அடிப்பக்கம் முழுவதும் மெல்லிய ஈரம் படர்ந்திருக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனைகளில் ஒவ்வொரு துளி தொங்கும்; ஒரு முனையில் மட்டுமல்ல, வரிசையாக எல்லா முனைகளிலும். சலாகையின் மேல் விளிம்பு, தகரம் படும் இடத்தில், நீளத்துக்கும் கறுத்திருக்கும். ஒழுக்காக இருந்தால் ஓரிடத்திலிருந்து கறைக்கோடு ஒன்று கைமரத்தின் வழியே கீழ்நோக்கி இறங்கி, வேறோரிடத்தில் சொட்டியிருக்கும். சொட்டிய இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடிப் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள். தண்ணீர் நுழைந்த இடம் எப்போதும் அதற்கு மேற்பக்கத்தில்தான் இருக்கும்.

மழையில்லாத பகல் ஒன்றில் குழாய்த் தண்ணீர் அடித்தும் பார்க்கலாம். தாழ்வாரப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு பகுதியில் பத்துப் பதினைந்து நிமிடம் அடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்கு மேலே செல்ல வேண்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எங்கே நுழைந்தது என்று ஒருபோதும் தெரியாது.

விசுவமடு_வீடு

அக்காதான் தம்பி, நன்றி. நீங்கள் சொன்னபடியே கணவரும் மகனும் ஏறிப் பார்த்தார்கள். இரண்டும் இருக்கிறது. பழைய சுவரும் புதிய கூரையும் சந்திக்கும் இடத்தில் கறைக்கோடு ஒன்று தெளிவாக இறங்குகிறது. அங்கே தகரத்தின் மேல் சீமெந்துக் கலவை வைத்துப் பூசியிருக்கிறார்கள், அது வெடித்து விலகி நிற்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் திருகாணி முனைகளில் துளிகள், நீங்கள் எழுதியது போலவே.

இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். வௌவால் வரும் என்று தாழ்வாரத்தையும் முகட்டுப் பக்கத்துச் சுவரில் இருந்த துவாரங்களையும் பலகையாலும் சீமெந்தாலும் முற்றாக அடைத்துவிட்டார்கள். பெரும்போக அரிவி வெட்டி வந்த நெல்லில் ஒரு பகுதி, மழைக்குப் பயந்து, பின் அறையில் அடுக்கியிருக்கிறது.

வவுனியா_தொழில்நுட்பம்

ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் ஓட்டு வீடுகள் தகர வீடுகளாக மாறிவரும் இந்தக் காலத்தில், ஒரே வகை முறைப்பாடு வீட்டுக்கு வீடு எழுவதைக் காண்கிறேன்.

வன்னியை உலர் வலயம் என்று படித்திருக்கிறோம், ஆனால் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தில் கொட்டுகிறது. அக்காலத்தில் வாடைக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவருகிறது, நிலம் நனைந்து கிடக்கிறது, குளங்களும் வயல்களும் நிரம்பியிருக்கின்றன. இரவில் வெப்பநிலை 24 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீற்றரிலும் ஏறக்குறைய 20 கிராமுக்குச் சற்று அதிகமாக நீராவி இருக்கும். மேகமில்லாத வானத்தின் கீழ் மெல்லிய தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சூழ உள்ள காற்றைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்துவிடும். 21 பாகையில் ஒரு கன மீற்றர் காற்றால் சுமார் 18 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்க முடியாது. எஞ்சியது தகரத்தின் அடியில் தண்ணீராகிறது. ஐஸ் தண்ணீர்ப் போத்தலின் வெளிப்புறத்தில் நடப்பதும் இதுவே. ஓடு தடித்தது, ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிப் பகலில் விட்டுவிடும், ஓட்டுக்கு ஓடு இடைவெளியும் உண்டு. தகரத்துக்கு இந்த மூன்று குணமும் இல்லை. ஆகவே ஓட்டு வீட்டில் இல்லாத ஈரம் தகரம் போட்டதும் வந்தால், அது தகரத்தின் தரக்குறைவைக் காட்டாது.

சகோதரி நெல்லைப் பற்றிக் குறிப்பிட்டது மிகப் பயனுள்ள தகவல். வெட்டியவுடன் நெல்லில் நூற்றுக்கு 20 அளவிலாவது ஈரம் இருக்கும். சேமிக்க அது 14க்கு இறங்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 100 கிலோ நெல்லும் அவ்வாறு காயும்போது 7 கிலோ, அதாவது 7 லீற்றர் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. அடைத்த வீட்டினுள் அது வேறெங்கும் போக வழியின்றி, சீலிங் இணைப்புகளின் ஊடாக மேலே ஏறிக் குளிர்ந்த தகரத்தில்தான் படியும். விறகடுப்புக் குசினியின் ஆவியும், கூரைக்குள் முடியும் குளியலறை விசிறிக் குழாயும் இதே வேலையைச் செய்கின்றன. விசிறிக் குழாய் வெளிச்சுவர் வரை நீண்டு வெளியே திறக்க வேண்டும். நெல்லை இன்றே வெளி விறாந்தைக்கோ தனிக் கொட்டிலுக்கோ மாற்றுங்கள்.

அடுத்தது காற்றோட்டம். தாழ்வாரத்தில் உள்ளே வரவும் முகட்டருகே வெளியே போகவும் வழி இருந்தால்தான், பகல் வெயிலில் சூடாகும் காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். வட அமெரிக்கக் கட்டட விதிகளில் சீலிங் பரப்பின் 150இல் ஒரு பங்கு திறந்த துவாரமாக இருக்க வேண்டும் என்ற அளவு உண்டு, அதை ஓர் அளவுகோலாக இங்கும் கொள்ளலாம். 60 சதுர மீற்றர் சீலிங்குக்கு 0.4 சதுர மீற்றர் திறப்பு என்று வரும். வலை அடித்தால் காற்றுப் போகும் இடம் குறையும், ஆகவே துவாரத்தைப் பெரிதாக விட வேண்டும். வௌவாலைத் தடுக்க அரை அங்குலக் கம்பி வலை போதும், சீமெந்து தேவையில்லை.

ஆனால் காற்றோட்டத்தை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். வாடைக்கால இரவில் வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றும் ஈரமானதுதான். அது பகலில் உலர்த்தும், இரவில் வியர்வையை முற்றாக நிறுத்தாது. அதற்குத் தகரத்தின் அடியில் சிசலேசன், அதாவது பளபளக்கும் அலுமினியத் தாள் விரிப்பு, விரிக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டி இழுத்துக் கட்டாமல், சலாகைகளுக்கு இடையே சற்றுத் தொய்வாக, ஓர் அங்குல இடைவெளியாவது கிடைக்கும்படி விட்டால், தகரத்திலிருந்து விழும் துளியை அது ஏந்தி, சரிவின் வழியே பீலிப் பக்கம் கொண்டுபோகும். பகல் வெப்பத்தையும் குறைக்கும். இடைவெளி இல்லாமல் ஒட்டிய சிசலேசனால் இந்தப் பயன் முழுமையாகக் கிடைக்காது. தகரத்தைக் கழற்றாமல் இதைச் செய்வது கடினம் என்பதால்தான், தகரம் ஏற்றும் முன்பே இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

ரொறன்ரோ_கிளிநொச்சி

நான் சகோதரியின் தம்பி அல்ல, ஆனால் அவருடைய தம்பியைப் போலவே இங்கிருந்து ஊரில் வீடு கட்டுவிக்கும் ஒருவன். இங்கே சுவருக்கும் சீலிங்குக்கும் உட்பக்கம் பொலித்தீன் அடிக்காமல் பரிசோதகர் வேலையை ஏற்கமாட்டார். அது ஏன் அங்கே பொருந்தாது என்று ஐயா விளக்குவீர்களா?

வவுனியா_தொழில்நுட்பம்

நல்ல கேள்வி. கனடாவின் பனிக்காலத்தில் வீட்டின் உள்ளே சூடும் ஈரமும், வெளியே கடுங்குளிரும் வறட்சியும். நீராவி உள்ளிருந்து வெளியே தள்ளும். ஆகவே தடுப்பு உட்பக்கத்தில், சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். வன்னியில் ஏசி பூட்டிய அறை இதற்கு நேர்மாறு. அறை 22 பாகையில் குளிர்ந்திருக்க, மேலே கூரைக்குள் சூடான, ஈரம் நிறைந்த காற்று நிற்கிறது. சீலிங்கின் மேல் வெறும் பொலித்தீன் கிடந்தால், அது அறையின் குளிரால் குளிர்ந்து, தன் மேற்புறத்தில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். தகரத்திலிருந்து விழும் துளிகளும் அதன்மேல் தேங்கிப் பள்ளமான இடத்தைத் தேடும். சீலிங் ஒரு நாள் வயிறு வைத்துத் தொங்கும்போதுதான் விடயம் வெளியே வரும். ஏசி அறையின் மேல் வெப்பத்தடுப்பு மெத்தை விரிப்பதானால், நீராவித் தடுப்பு அதன் மேற்பக்கத்தில், கூரையை நோக்கி இருக்க வேண்டும். ஏசி இல்லாத அறைக்குப் பொலித்தீன் தேவையே இல்லை. தம்பியின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கரைத்துறைப்பற்று_வாசகர்

உத்தரவாதம் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நான் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் நீண்ட காலம் கணக்கெழுதியவன், இந்த அட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில், அங்கே இரண்டு உத்தரவாதங்கள் இருக்கின்றன. தகரத்தைச் செய்த நிறுவனம் தருவது தகரத்துக்கு மட்டும்: துருப்பிடித்து ஓட்டை விழாது, நிறம் குறித்த அளவுக்கு மேல் மங்காது என்று. பூட்டும் வேலைக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை. வேலைக்கான உத்தரவாதத்தைக் கொந்தராத்துக்காரரே தனியாக எழுதித் தர வேண்டும். சகோதரியிடம் அது இல்லை. வியர்வை பொதுவாக இரண்டிலும் அடங்காது, யாராவது குறிப்பாக எழுதிச் சேர்த்தால் ஒழிய.

தகர அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களை எல்லோரும் வாசியுங்கள். கடற்கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் இருக்கும் வீடுகள் வழக்கமாக விலக்கப்படும். முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கிறைண்டரால் வெட்டிய தகரமும் விலக்கப்படும். வெட்டும்போது பறக்கும் சூடான இரும்புப் பொறிகள் தகரத்தின் பூச்சில் ஒட்டிக்கொண்டு, முதல் மழையிலேயே மிளகு தூவியது போலத் துருப் புள்ளிகளாகும். கத்தரியாலோ, பொறி பறக்காத வெட்டியாலோ வெட்டி, அன்றன்றே தூளைக் கூட்டித் தள்ள வேண்டும். ஈயமும் செம்பும் தகரத்தைத் தொடக்கூடாது.

சகோதரியின் வீட்டில் நடந்த சீமெந்துப் பூச்சு இன்னும் பாரதூரமானது. இந்தத் தகரங்களின் பூச்சில் எடைப்படி நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம், மீதியில் பெரும்பங்கு துத்தநாகம். ஈரச் சீமெந்தின் காரம் இரண்டையும் அரிக்கும். சீமெந்து தகரத்தோடு ஒட்டி நிற்கவும் மாட்டாது, ஏனென்றால் தகரம் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. ஆகவே சுவர்ச் சந்திப்பில் சீமெந்து வைத்தவர் ஒழுக்கையும் உண்டாக்கி, தகர உத்தரவாதத்தையும் இல்லாமற் செய்திருக்கிறார். அங்கே சுவரில் காடி வெட்டி, சந்திப்பை மூடும் மடித்த தகரப் பட்டையை, அதாவது பிளாஷிங் தகரத்தை, செருகித் தொங்கவிட வேண்டும். இந்த ஒரு விடயத்தில் கொந்தராத்துக்காரரின் பொறுப்பு ஐயத்துக்கு இடமில்லாதது.

சட்ட வழியையும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம், உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் அல்லது சேவை பற்றி எழுத்தில் முறையிடலாம். ஆனால் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். இங்கேதான் எங்கள் காலநிலை எங்களுக்கு எதிராக நிற்கிறது. கூரை வேலை யூன், யூலை மாதங்களில், சோளகம் அடிக்கும் காய்ந்த கோடையில் முடிகிறது. முதல் பெருமழை வரும்போது அந்த மூன்று மாதமும் கழிந்துவிடுகிறது. அதன் பின் மத்தியஸ்த சபை இருக்கிறது, பெரிய செலவில்லாமல் இருவரையும் அழைத்துப் பேசும். நீதிமன்றம் என்று போனால், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம் என்பது காலவிதிப்புச் சட்டம். வாய்ப்பேச்சை நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்.

ஆகவே இனிக் கூரை போடப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் செய்வது போல, மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ நிறுத்திவைத்து, ஒரு முழு மாரி கடந்த பின் கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பணம் கையில் இருக்கும்வரை தொலைபேசிக்குப் பதில் வரும்.

கூரைவேலை_புதுக்குடியிருப்பு

நான் கொந்தராத்து எடுத்துக் கூரை போடுகிறவன். சகோதரியின் வீட்டு வேலை என்னுடையது அல்ல. சுவர்ச் சந்திப்பில் சீமெந்து வைத்தது தவறு, அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தையும் ஒருமுறை கேளுங்கள்.

சிசலேசன் போடுவோம் என்று விலை கொடுத்தால், பக்கத்து வீட்டில் அது இல்லாமல்தானே போட்டார்கள் என்று அந்த வரியை வெட்டுகிறவர் வீட்டுக்காரர். 0.47 சொன்னால் 0.35 போதும் என்பார். முகட்டில் காற்றுவழி விட்டால், வௌவாலும் தூசியும் வரும், அடையுங்கள் என்று ஏணிக்குக் கீழே நின்று சொல்வார். பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, வேலையைப் பார்ப்பவர் இங்கே ஒருவர், முடிவெடுப்பவர் அங்கே வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து இன்னொருவர். பின்னர் வியர்த்தால் பழி எங்கள் மேல் விழுகிறது. இப்போதெல்லாம் நான் வீட்டுக்காரர் குறைக்கச் சொன்னவற்றையும் அதே கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். அது அவரை மிரட்டுவதற்கல்ல. அந்த வரியில் கையெழுத்துப் போடும்போது பாதிப் பேர் மனம் மாறி, சிசலேசனைப் போடச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு தகரத்தின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும் பக்க மேலடுக்கை வாடைக்கு எதிராக வாய் திறந்து பூட்டக்கூடாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். காற்று வரும் திசைக்கு மறுபக்கம் பார்த்திருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியபோது, மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. வாடையைப் பார்த்து வாய் திறந்த மேலடுக்கு அப்படியான இரவில் தண்ணீரை உள்ளே அழைக்கும். திருகாணியின் இறப்பர் வொஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்குவதும் கேடு. ஓரிரு கோடையில் வெடித்துவிடும்.

விசுவமடு_வீடு

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையைக் கொந்தராத்துக்காரருக்குக் காட்டினோம். முதலில் கோபப்பட்டார், பின்பு மகனோடு மேலே ஏறித் துளிகளைத் தானே பார்த்தார். பேசி முடித்து எழுதிக்கொண்டது இவ்வளவு. சுவர்ச் சந்திப்பைச் சீமெந்து நீக்கிப் பிளாஷிங் தகரத்தால் தன் செலவில் மாற்றித் தருவார். சீமெந்து பட்ட தகரத் துண்டுகளில் வெள்ளையாக அரித்தவற்றையும் மாற்றுவார். அடைத்த துவாரங்களைத் திறந்து வலை அடிக்கும் கூலி அவருடையது, வலையின் விலை எங்களுடையது. சிசலேசன் எங்கள் செலவு, ஏனென்றால் அதை நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை. அதற்காகத் தகரத்தைக் கழற்றிப் பூட்டும் கூலியில் பாதியை அவர் ஏற்கிறார். வேலை ஓகஸ்டில், ஒக்டோபர் மழைக்கு முன். கூலியில் ஒரு பங்கு தைப்பொங்கலுக்குப் பிறகுதான் கொடுபடும். இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு, கிராம அலுவலர் முன்னிலையில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.

நெல்லை அப்போதே கொட்டிலுக்கு மாற்றிவிட்டோம். தாழ்வாரப் பலகைகளில் சிலவற்றைக் கணவர் தற்காலிகமாகக் கழற்றிவிட்டார். விடியற்காலைத் துளிகள் குறைந்திருக்கின்றன, முற்றாக நிற்கவில்லை. பூஞ்சணம் பிடித்த சலாகைகளை என்ன செய்வது?

மாங்குளம்_தச்சுவேலை

பூஞ்சணம் மேலாக இருந்தால் முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள் அக்கா. காய்ந்த துணியால் தட்டினால் தூள் வீடெங்கும் பறக்கும். ஈரம் நின்றால் அது திரும்ப வராது. கறுத்த இடத்தில் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக இறங்கினால் மரம் உக்கத் தொடங்கிவிட்டது, அந்தச் சலாகையை ஓகஸ்ட் வேலையோடு மாற்றிவிடுங்கள். ஈரம் பட்ட மரத்தைக் கறையான் தேடிவரும், ஆகவே சுவரோரத்தில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முள்ளியவளை_ஆசிரியை

எங்களுடையது பழைய அஸ்பெஸ்ரஸ் சீற், கீழே சீலிங் உண்டு. அதன் அடியிலும் இதே கறுப்புப் பூஞ்சணம். கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவலாமா?

வவுனியா_தொழில்நுட்பம்

வேண்டாம். தேய்ப்பதும், காய்ந்த நிலையில் துளையிடுவதும், கிறைண்டரால் வெட்டுவதும் நுரையீரலுக்குள் போகும் நுண்ணிய இழைகளைக் காற்றில் விடும். சீற் உடையாமல் இருக்கும்வரை அதைத் தொடாமல் விட்டு, முன்பு சொன்னபடி காற்றுவழியைத் திறந்து, குசினி ஆவியை வெளியே அனுப்புங்கள். மாற்ற வேண்டிய காலம் வந்தால் நனைத்து, உடைக்காமல் முழுச் சீற்றாக இறக்குவிக்க வேண்டும். பிள்ளைகள் அன்று வீட்டில் இருக்கக்கூடாது. இறக்கிய துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கோ வேலிக்கோ பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பிரதேச சபையிடம் கேட்டு வையுங்கள்.